படுவான்கரை: பொழுது சாயும் பக்கத்தின் பெயர்

அரசாங்கப் பட்டியலில் படுவான்கரை என்று ஓர் ஊர் இல்லை. அப்படி ஒரு பிரதேச செயலகமும் இல்லை. மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, போரதீவுப்பற்று என்றுதான் ஆவணங்கள் எழுதும். கல்வித் திணைக்களம் தன் பங்குக்கு 'மட்டக்களப்பு மேற்கு வலயம்' என்கிறது. ஆனால் மட்டக்களப்பு நகரத்தில் யாரிடமாவது கொக்கட்டிச்சோலை எந்தப் பக்கம் என்று விசாரித்தால், பதிலில் மண்முனையும் வராது, மேற்கும் வராது. படுவான்கரை என்பார்கள். அதோடு விளக்கம் முடிந்துவிடும்.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய மணல்நிலம் ஒன்று நீண்டு போகிறது. ஆரையம்பதி, தாளங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், களுதாவளை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அது எழுவான்கரை. வாவிக்கு மறுபுறம் வயலும் குளமும் காடும் பாறைக்குன்றுமாக விரிந்து போகும் பெருநிலம் படுவான்கரை. கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, முதலைக்குடா, அம்பிளாந்துறை, பழுகாமம், மண்டூர், வெல்லாவெளி ஆகியவை அந்தப் பக்கம். பொழுது எழும் கரை, பொழுது படும் கரை. பொருளை விளங்கிக்கொள்ள அகராதி வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் சொல்லைக் கொஞ்சம் கிளறினால், அது ஈழத்தின் கிழக்குக் கரையோடு நிற்பதில்லை. மங்களூர் வரை கொண்டுபோய்விடுகிறது.

முதலில் சொல்லின் கட்டமைப்பு. 'எழு', 'படு' என்னும் இரண்டு வினைகளில் ஐயமில்லை. பின்னால் நிற்கும் 'வான்' என்பதில்தான் வழக்கு. ஒரு வாசிப்பு, படுவான் என்பதை 'படுகிறவன்' என்று கொள்ளும். வருவான், செய்வான் என்பனபோல வினையாலணையும் பெயர். கதிரவன், பகலவன், வெய்யோன் என்று சூரியனை ஆளாக்கிப் பேசுவது தமிழுக்குப் பழக்கம் என்பதால் இந்த வாசிப்பு இயல்பாகவே பொருந்துகிறது. இன்னொரு வாசிப்பு, படு வான் என்று பிரித்து, பொழுது படுகிற வானம் என்று வினைத்தொகையாக்கும். கீழ்வான், மேல்வான், செவ்வான் என்ற வரிசையில் அதுவும் இடறாமல் அமர்கிறது. மூன்றாவது வாசிப்புக்குத் தமிழை விட்டு வெளியே போகவேண்டும்.

கன்னடத்தில் மேற்கு என்பதற்குப் பழைய சொல் 'படு'. மேற்குத் திசையைச் சார்ந்தது 'படுவண'. கிழக்குக்கு 'மூடு', 'மூடண'. தெற்குக்கு 'தெங்கண', வடக்குக்கு 'படகண'. நான்கிலும் கடைசியில் நிற்கும் 'அண' திசையைக் குறிக்கும் ஈறு. படுவண என்பதையும் படுவான் என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் ஒலி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது காதுக்கே தெரியும். துளுவில் மேற்கு 'பட்டாயி', கிழக்கு 'மூடாயி'. தெலுங்கில் மேற்கு 'படமர'. தென்கன்னடத்தில் மூடுபிதிரி, படுபிதிரி என்று இரண்டு ஊர்கள் உண்டு. 'பிதிரு' என்பது மூங்கில். கிழக்கு மூங்கிலூர் ஒன்று, மேற்கு மூங்கிலூர் மற்றொன்று. எழுவான்கரை, படுவான்கரை போலவே பொழுதைக் கொண்டு பெயரிட்ட ஒரு சோடி அது. மலையாளத்தில் மேற்கு 'படிஞ்ஞாறு'. படுஞாயிறு என்பது மருவிய வடிவம் அது. தமிழின் பழைய வழக்கிலும் படுஞாயிறு உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் அது திசைப்பெயராக நிலைக்கவில்லை. அங்கே 'மேற்கு' வென்றுவிட்டது.

மேற்கும் கிழக்கும் மண்ணின் ஏற்றத்தாழ்வைப் பார்த்து வைத்த பெயர்கள். மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக் கடலை நோக்கிச் சரியும் தமிழ்நாட்டுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேரளத்தில் நிலைமை தலைகீழ். அங்கே உயர்ந்த பக்கம் கிழக்கு, தாழ்ந்த பக்கம் மேற்கு. என்றாலும் மலையாளிகள் மலையிருக்கும் பக்கத்தைத்தான் கிழக்கு, அதாவது தாழ்வான பக்கம், என்கிறார்கள். 1856ஆம் ஆண்டு வெளிவந்த ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இதைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல்லோடு அவர்கள் மலைக்குக் கிழக்கேயிருந்து வந்திருக்கவேண்டும் என்று வாதிட்டார். கடல் இருக்கும் தாழ்ந்த பக்கத்துக்கு 'மேல்' என்று பெயர் சொல்ல நாக்கு தயங்கியதோ என்னவோ, மேற்கை மட்டும் அவர்கள் பொழுதிடம் ஒப்படைத்து படிஞ்ஞாறு என்றார்கள்.

மட்டக்களப்புக்கு அந்தச் சங்கடம் கிடையாது. இலங்கையின் கிழக்குக் கரையில் கடல் கிழக்கே, மலைநாடு மேற்கே. மேற்கு என்ற சொல் எந்த உரசலும் இல்லாமல் பொருந்தும் நிலம் அது. அப்படியிருந்தும் அங்கே ஏன் படுவான் நிலைத்தது?

இந்த இடத்தில் பலரும் எடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. மட்டக்களப்பில் குடிமுறை தாய்வழியாக வருகிறது. முக்குவர் என்ற சமூகத்தாருக்குத் தனிச் சட்டவழமை இருந்தது. பிரிட்டோ என்பவர் அதை 1876இல் நூலாக்கினார். கண்ணகி வழிபாடு ஊர்தோறும் வேரோடியிருக்கிறது. இவற்றையெல்லாம் கேரளத்தோடு ஒப்பிட்டு எழுதியவர்கள் பலர். ஆகவே படுவானும் படிஞ்ஞாறின் உடன்பிறப்பு, மலையாளக் கரையிலிருந்து தோணியேறி வந்தது என்று முடித்துவிடுவது சுலபம். சொல்லை மட்டும் வைத்து அப்படி முடிக்க முடியாது. படு என்னும் வினை தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு எல்லாவற்றுக்கும் பொதுச் சொத்து. பொதுச் சொத்து இருவர் வீட்டில் இருப்பதால் ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கினார் என்று ஆகாது. மேலும் மட்டக்களப்பின் இணைச் சொல் 'எழுவான்'. கன்னடத்து 'மூடு' இங்கே இல்லை. மலையாளத்துக் 'கிழக்கு'ம் இந்தச் சோடியில் இல்லை. எழுவதையும் படுவதையும் நேர்க்குநேர் நிறுத்திச் சோடி கட்டியது இந்த வாவிக்கரைத் தமிழே.

காரணத்தை நிலத்தில் தேடுவது நல்லது. வாவியிலிருந்து மேற்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வயல்வெளி. நிலம் உயர்கிறது என்பது தண்ணீர் ஓடிவரும் திசையைக் கொண்டு அறிவுக்குத் தெரியுமே தவிர, நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. மேல் கீழ் பார்க்க முடியாத சமநிலத்தில் திசைக்கு அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: காலையில் ஒரு கரையிலும் மாலையில் மறுகரையிலும் நிற்கும் பொழுது.

பொழுது 'படுவது' ஈழத்துப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'பொழுதுபட முன்னம் வந்திடு' என்று சொல்லாத தாய் கிழக்கிலோ வடக்கிலோ இருக்கமாட்டாள். படு என்பதன் உள்ளே விழுதல், சாய்தல், இறத்தல் ஆகிய மூன்றும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மரம் பட்டுப்போகிறது. போரில் வீரன் படுகிறான். தமிழ்நாட்டு நடுகற்களில் அவன் பெயரோடு 'பட்டான்' என்று வெட்டியிருப்பார்கள். இலத்தீனிலும் இதே அடுக்கு உண்டு. ஆங்கிலேயர் மேற்குலகைக் குறிக்கும் 'ஒக்சிடென்ட்' பிறந்த 'ஒக்சிதெரே' என்ற வினைக்கு விழுதல், இறத்தல், சூரியன் மறைதல் எல்லாமே பொருள். பொழுதைப் பார்த்து நாட்டுக்குப் பெயரிட்டவர்களும் நிறையப் பேர். மத்தியதரைக் கடலின் கிழக்கோரம் 'லெவண்ட்', எழும் பக்கம். கிரேக்கர் சொன்ன 'அனத்தோலியா'வும் எழுச்சியே. வட ஆபிரிக்காவின் மேற்கோரத்துக்கு அரபுமொழி தந்த பெயர் 'மக்ரிப்', பொழுது மறையும் இடம். அவர்களுக்கு ஒரு பெருங்கடலின் இரு முனைகள். மட்டக்களப்பாருக்கு ஒரு வாவியின் இரு கரைகள். அளவு வேறு, பெயரிட்ட முறை ஒன்று.

ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்கத்தக்கது. லெவண்ட் என்று சொன்னவன் மேற்கே இத்தாலியிலோ பிரான்சிலோ நின்றான். மக்ரிப் என்று சொன்னவன் கிழக்கே நின்றான். எழுவான்கரை, படுவான்கரை என்ற சோடியைச் சொன்னவன் எங்கே நின்றான்? எழுவான்கரையில் குடியிருப்பவனுக்குப் பொழுது கடலில்தான் எழும். தன் காலடி மண்ணை அவன் 'எழும் கரை' என்று நினைக்க வழியில்லை. படுவான்கரையில் இருப்பவனுக்கும் பொழுது தன் ஊரில் விழுவதில்லை, இன்னும் மேற்கே காட்டுக்குப் பின்னால் விழுகிறது. இரண்டு கரையிலும் ஒருசேரப் பொழுதைக் காணக்கூடியவன் நடுத்தண்ணீரில் இருப்பவன். தோணிக்காரன், வலைவீசுகிறவன், கரை மாறிக் கரை போய் வயல் செய்கிறவன். அவன் கிழக்கே பார்த்தால் ஒரு கரைக்கு மேல் பொழுது எழும். மேற்கே பார்த்தால் மறுகரைக்கு மேல் படும். இந்தப் பெயர்கள் தண்ணீரின்மேல் பிறந்தவை என்பது என் துணிபு.

இதே கடற்கரையில் தெற்கே போனால் அக்கரைப்பற்று. அந்தப் பெயரும் நிற்கிறவனைப் பொறுத்தது. இக்கரையில் யாரோ ஒருவன் நிற்காமல் அக்கரை என்பது இல்லை. ஆனால் அக்கரை ஒருபக்கப் பார்வை. எழுவானும் படுவானும் இருபக்கத்தையும் சமமாகப் பார்க்கிற கண். ஹவாயின் எரிமலைத் தீவுகளிலும் வழி சொல்பவர்கள் கிழக்கு மேற்கை அதிகம் நாடுவதில்லை. மலைப்பக்கம் போவது 'மௌகா', கடற்பக்கம் போவது 'மகாய்'. தீவின் நடுவே எரிமலை ஓங்கி நிற்கும்போது அதைவிடப் பெரிய திசைகாட்டி எதற்கு? மட்டக்களப்பில் அப்படி ஓங்கி நிற்பது எதுவுமில்லை, நடுவே கிடப்பது தண்ணீர். அதனால் தண்ணீரிலிருந்து திசை பிறந்தது.

தண்ணீரைக் கடந்த முறையும் மொழியில் ஒரு சுவடு விட்டிருக்கிறது. ஆளையும் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஏற்றி மறுகரை சேர்க்கும் தட்டையான மிதவைக்கு இந்த வாவிக்கரையில் பெயர் 'பாதை'. மண்முனைத் துறையில் பாதை ஓடியது. அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் நடுவே பாதை, மண்டூருக்கும் குறுமண்வெளிக்கும் நடுவே பாதை. வெளியூர்க்காரர் காதில் 'பாதை போயிட்டுது' என்பது குழப்பமாக விழும். பாதை எங்கே போகும், நாமல்லவா அதில் போகவேண்டும் என்று நினைப்பார். தமிழில் இது புதுமை இல்லை. பழந்தமிழில் 'ஆறு' என்றால் நதியும் ஆகும், வழியும் ஆகும். ஆற்றுப்படை என்பதில் உள்ள ஆறு வழிதான். அங்கே நீரோட்டத்தின் பெயர் நடைவழிக்கும் ஆனது. இங்கே நடைவழியின் பெயர் நீரில் மிதக்கும் பலகைக்கு ஆனது. கரையோடு முடிந்துபோக வேண்டிய நடைவழியைத் தண்ணீரின்மேல் நீட்டித் தருவது அந்தப் பலகைதான் என்பதால், பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

பாதையை விட்டு இறங்கிப் படுவான்கரைக்குள் நடந்தால், ஊர்ப்பெயர்களின் கடைசிச் சொற்களே எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடும். தண்ணீரோரம் முனையும் குடாவும் துறையும் தீவும்: மண்முனை, கடுக்காமுனை, முதலைக்குடா, அம்பிளாந்துறை, மகிழடித்தீவு, அரசடித்தீவு. சற்று உள்ளே போனால் வெளி: பண்டாரியாவெளி, படையாண்டவெளி. பிறகு சேனை: கற்சேனை. அதையும் தாண்டிக் காடு அடர்ந்து பாறை தலைகாட்டும் இடத்தில் மலை: தாந்தாமலை. ஆடித் திருவிழாவுக்கு அந்த முருகன் கோயிலுக்குக் கால்நடையாகப் போகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ இந்தச் சொல்வரிசையைத்தான் நடந்து கடக்கிறார்கள். முனை, வெளி, சேனை, மலை என்பது தண்ணீரிலிருந்து கல் வரைக்குமான நடை.

அந்தக் கல் மிகப் பழையது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம், உயிர்கள் கரையேறுவதற்கு நெடுங்காலம் முன்பு வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறையின்மேல் இருக்கிறது. கிழக்கு மாகாணத்தின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பது புவியியலார் விஜயன் தொகுதி என்று அழைக்கும் வரிப்பாறை. ஹவாயில் உள்ளதுபோல எரிமலை கக்கிய குழம்பை இந்தத் தீவில் தேடினால் ஏமாற்றம்தான். நெருங்கிய உறவென்று சொல்லத்தக்கது கிழக்கின் காட்டுப் பகுதியில் உள்ள கல்லோடைப் பக்கத்துத் தோலரைட்டுச் சுவர். ஜுராசிக் காலத்தில் பாறைப் பிளவொன்றின் வழியே உருகிய குழம்பு மேலெழுந்து, நிலத்துக்கு அடியிலேயே உறைந்து நின்றுவிட்டது. கல்லோடை என்ற பெயரை வைத்தவருக்கு ஜுராசிக் தெரியாது. கல்லும் ஓடையும் சேர்ந்த இடம் என்று கண்டதைச் சொன்னார். வரைபடங்களில் அதுவே 'கலோடை' என்று 'க'கரம் அழுந்தி ஏறியிருக்கிறது. பாறையைச் சிங்களத்தில் 'கல' என்பதால் அந்த மொழிக்காரர் வாயிலும் பெயர் பாதிக்குமேல் பொருளோடு நிற்கிறது.

சிங்களமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பெயர் கொக்கட்டிச்சோலையே. கொக்கட்டி ஒரு மரம். சிங்களத்தில் 'கொகட்டிய', 'கொகட்டு' என்ற மரப்பெயர்கள் இருக்கின்றன. அவை குறிப்பது கார்சீனியா இனத்து மரங்களை. குடம்புளியும் மங்குஸ்தானும் அந்த இனமே. யார் யாரிடம் வாங்கினார் என்பதைவிட, ஒரே காட்டில் தேனெடுத்தவர்களும் வேட்டையாடியவர்களும் ஒரே மரத்தை ஏறக்குறைய ஒரே பெயரால் அழைத்தார்கள் என்பது முக்கியம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் தலபுராணம், வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தைக் கோடரியால் வெட்ட இரத்தம் பெருகியது, அங்கே இலிங்கம் வெளிப்பட்டது என்கிறது. வெட்டினால் குருதி கசியும் கதை தான்தோன்றித் தலங்கள் பலவற்றுக்கும் பொது. ஆனால் கார்சீனியா மரங்களின் பட்டையைக் கீறினால் மஞ்சள் பால் கசியும் என்பதை அறிந்தவருக்கு, இந்தப் பொதுக்கதை இந்த மரத்தில் வந்து ஒட்டிக்கொண்டதில் வியப்பிருக்காது. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' கலிங்கத்திலிருந்து வந்த உலகநாச்சியை மண்முனையோடு தொடர்புபடுத்துகிறது. இப்படி அரசியும் வேடனும் மரமும் சேர்ந்து காத்த ஊர்ப்பெயர் அது.

அதே பெயர் 1987 ஜனவரியில் இறால் பண்ணைப் படுகொலையோடும், 1991 ஜூன் 12ஆம் திகதி மகிழடித்தீவுப் படுகொலையோடும் உலகச் செய்திகளில் ஏறியது. இரண்டாவதை விசாரித்த ஆணைக்குழு கொக்கட்டிச்சோலை ஆணைக்குழு என்றே அறியப்பட்டது. அந்த ஆண்டுகளில் வாவி ஒரு போர்க்கோடாகவும் மாறியது. எழுவான்கரை பெரும்பாலும் அரச படையினர் கையில், படுவான்கரை பெரும்பாலும் விடுதலைப் புலிகள் கையில். 2007 வரை அந்த நிலை. பொழுதைப் பார்த்து வைத்த இரண்டு பெயர்களும் 'அந்தப் பக்கத்து ஆள்', 'இந்தப் பக்கத்து ஆள்' என்ற பொருளைச் சுமக்க வேண்டியதாயிற்று. துறையில் பாதைக்காகக் காத்திருந்தவர் அடையாள அட்டையோடு நிற்கவேண்டியதாயிற்று. நடுத்தண்ணீரில் நின்று இரு கரையையும் ஒரே கண்ணால் பார்த்தவன் வைத்த பெயர்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய பொருள்மாற்றம் இதுதான்.

ஜப்பானிய உதவியில் கட்டிய மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. நோயாளியும் ஆசிரியரும் நெல் ஏற்றிய லொறியும் துறையில் காத்துக் கிடந்த காலம் போனது. அதற்காக வருந்துவதற்கு எதுவுமில்லை. ஆனால் பெயரைப் பொறுத்தவரை ஒன்று நடந்திருக்கிறது. பாலத்தில் போகிறவன் நடுத்தண்ணீரில் நிற்பதில்லை. அவனுக்கு இருப்பது புறப்படும் இடமும் சேரும் இடமும் மட்டுமே. எழுவானையும் படுவானையும் சோடியாகப் பார்த்த அந்தப் பார்வையிடம் அன்றாடத்திலிருந்து நீங்குகிறது. பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. அரசாங்கத்தின் 'மேற்கு' அந்த இடத்தைப் பிடிக்க முடியாததற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது. மேற்கு என்பது வரைபடத்தில் நகரத்திலிருந்து அளந்த திசை. படுவான்கரை என்பதோ மறுகரை இல்லாமல் பொருள்படாத பெயர். அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எழுவான்கரையையும் சேர்த்தே சொல்கிறோம்.

படுவான்கரை தப்பிவிடும், பெரிய பெயர்கள் செய்தித்தாளிலும் பஸ்ஸின் பலகையிலும் ஏறிப் பிழைத்துக்கொள்ளும். ஆபத்து சிறிய பெயர்களுக்கு. துறைகளின் பெயர், குளக்கட்டின் வளைவுக்குப் பெயர், தாந்தாமலைக்கு நடப்பவர் இளைப்பாறும் மரத்தடியின் பெயர், மாடு மேய்ப்பவர் மட்டும் அறிந்த பாறையின் பெயர். இவை நடந்தவர்கள் வைத்தவை, நடப்பவர்களால் காப்பாற்றப்பட்டவை. மோட்டார் சைக்கிள் வேகத்துக்கு அவை தேவைப்படுவதில்லை. பட்டிப்பளையிலும் வெல்லாவெளியிலும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களை அறிந்த முதியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒரு தவணைக்கு ஒரு நடைவழியின் பெயர்களைக் கேட்டு எழுதினால் போதும். வி.சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழக'த்தில் தொடங்கிவைத்த வேலையின் தொடர்ச்சி அதுவாக இருக்கும். அதற்கு ஆராய்ச்சிப் பட்டமோ பெருஞ்செலவோ வேண்டாம். நடக்கக் கால்களும் கேட்கக் காதுகளும் போதும்.